துணிக்குப் பூச்சி மருந்து: ஏற்காட்டு நடைக்குக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஏற்காட்டுப் பக்கம் நடக்கப் போகிறோம். ஊருக்குள் இல்லை. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மடுவு என்று காப்பித் தோட்டத்து ஓரமாகவும் புல்மேடுகளிலும் நடப்போம். என் பேண்ட்டில் பூச்சி மருந்து ஏற்றியிருக்கிறேன் என்று எப்போதோ வாய்தவறிச் சொன்னேன். அன்றிலிருந்து அடிவாரத்து டீக்கடையில் ஆரம்பிக்கும் கேள்விகள் 20 கொண்டை ஊசி வளைவு முடிகிறவரை ஓய்வதில்லை. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை, பூச்சியியல் படித்தவனும் இல்லை. லேபிளைக் கடைசி வரி வரை படிக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

துணிக்குப் பூச்சி மருந்தா? அப்படி ஒன்று இருக்கிறதா என்ன?

இருக்கிறது. பெயர் பெர்மெத்ரின். சாமந்திக் குடும்பத்து வெள்ளைப் பூ ஒன்றில் பைரெத்ரம் என்ற பூச்சிக்கொல்லிச் சத்து உண்டு. நல்ல மருந்துதான், ஆனால் வெயில் பட்டால் சீக்கிரம் வீரியம் போய்விடும். அதன் அமைப்பை ஒட்டி, வெயிலைத் தாங்குகிற மாதிரி இங்கிலாந்தின் ரோத்தாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் உருவாக்கி 1973-ல் வெளியிட்டதுதான் பெர்மெத்ரின். துணியில் அடித்துக் காய விட்டால் நூலோடு பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு வாசனை தெரியாது, கறையும் விழாது.

இந்த யோசனை பழையது. இரண்டாம் உலகப் போரில் பர்மா, நியூகினியா காடுகளில் சண்டை போட்டவர்களை ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வாட்டியது. அப்போதே சீருடையில் டைபியூட்டைல் தாலேட் போன்ற திரவங்களைத் தேய்த்து, நோய் பரப்பும் நுண்பூச்சிகளைத் தடுத்தார்கள். பெர்மெத்ரின் வந்த பிறகு அமெரிக்க ராணுவம் சீருடைக்கு அதைப் பயன்படுத்த ஆரம்பித்தது.

சாமந்தி நம்ம தோட்டத்துலயே பூக்குதே, அரைச்சு ஊற வெச்சா ஆகாதுங்களா?

ஆகாது. பூஜைக்குக் கட்டுகிற சாமந்தி வேறு, இந்தப் பூ வேறு. பூ சரியாகவே கிடைத்தாலும் மேலே சொன்ன வெயில் பிரச்சினை இருக்கிறது. மதியத்துக்குள் வெறும் சாயம்தான் மிஞ்சும்.

நான்தான் கொசு கிரீம் பூசுகிறேனே, அப்புறம் இது எதற்கு?

இரண்டும் வேறு வேலை செய்கின்றன. தோலில் பூசுகிற டீட், பிகாரிடின் போன்றவை விரட்டிகள். பூச்சிக்கு நம்மைச் சரியாக அடையாளம் காண முடியாதபடி குழப்பிவிடும், கொல்லாது. கர்நாடகத்தில் உண்ணியால் குரங்குக் காய்ச்சல் பரவுகிற மலைக் கிராமங்களில், காட்டுக்குப் போகிறவர்களுக்குச் சுகாதாரத் துறை கொடுக்கிற டெப்பா எண்ணெயும் இந்த வகைதான். குவாலியரில் உள்ள நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் கண்டுபிடிப்பு அது.

பெர்மெத்ரின் தொட்டால்தான் வேலை செய்யும். பூச்சி துணிமேல் நடக்க வேண்டும், அதன் கால் வழியாக மருந்து ஏறி நரம்பைத் தாக்க வேண்டும். ஒருமுறை நாகலூர் தாண்டி மாடு மேய்ந்த புல்மேட்டில் உட்கார்ந்திருந்தபோது என் காலுறையில் எள் அளவு உண்ணி ஒன்று ஏறியது. தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நேராக மேலே வந்தது. கணுக்காலைத் தாண்டியதும் நின்றது. சித்திரை வெயிலில் தார்ரோட்டில் வெறுங்காலோடு நிற்கிறவர் மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. கொஞ்ச நேரத்தில் பிடி விட்டுப் புல்லில் விழுந்தது.

ஆக, துணி மூடிய இடத்துக்கு மருந்து, மூடாத கைக்கும் கழுத்துக்கும் கிரீம். ஒன்று இருக்கிறதென்று இன்னொன்றை விட்டுவிட வேண்டாம்.

எதுக்கெல்லாம் கேட்கும்?

உண்ணி, கொசு, எறும்பு, ஈ, அப்புறம் புல்லில் இருக்கிற சிகர் என்ற நுண்பூச்சி. இந்தக் கடைசிதான் என் கணக்கில் முக்கியமானது. கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்கு அகப்படாது. கடிப்பது அதன் குஞ்சுப் பருவம் மட்டும்தான். காலுறை விளிம்பு, இடுப்புப் பட்டி என்று துணி இறுக்கிப் பிடிக்கிற இடமாகப் பார்த்து உட்காரும். ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது இதுதான். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவதால் மாட்டு உண்ணிதான் காரணம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். மாடே இல்லாத புதரிலும் இது இருக்கும்.

இதைப் போட்டா அட்டை ஏறாதுங்களா?

என் காதில் அதிகம் விழுந்த கேள்வி இதுதான். பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. அட்டைக்கு இதை நம்பாதீர்கள். அட்டை பூச்சியே இல்லை, மண்புழுவின் பங்காளி. பெர்மெத்ரின் பூச்சி, உண்ணி வகையறாவுக்காகச் செய்த மருந்து. மருந்து ஏற்றிய என் ஷூவில், கயிறு கோக்கிற ஓட்டை வழியாக நூல் மாதிரி உடம்பை மெலித்துக்கொண்டு ஒரு அட்டை உள்ளே போனதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அது எந்த அவசரமும் படவில்லை.

அட்டைக்கு உருப்படியான வழி அட்டை சாக்ஸ். கெட்டியாக நெய்த காடாத் துணியில் முழங்கால் வரை தைத்து, மேலே நாடா வைத்துக் கட்டுவது. சாதாரணப் பின்னல் சாக்ஸின் கண் வழியாக அட்டை வாயை நுழைத்துவிடும், காடாவில் முடியாது. தெரிந்த தையல்காரரிடம் துணியைக் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருந்தால் ஏறுகிற அட்டை பளிச்சென்று தெரியும். காப்பித் தோட்டத்து அக்காக்கள் புகையிலைத் தண்ணீர், சோப்பு, வேப்பெண்ணெய் என்று காலில் தேய்த்துக்கொண்டு இறங்குவார்கள். அதெல்லாம் கொஞ்ச நேரம் தாங்கும், ஈரத்தில் கரைந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும்.

கடித்துவிட்டால் உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். எரிச்சலில் அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கலாம். வாய்ப்பக்கத்தில் நகத்தை வைத்து நெம்பினால் வந்துவிடும். சோப்பு போட்டுக் கழுவி அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்தியிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும்.

பாம்பு, குளவி, கம்பளிப்பூச்சி? காட்டெருமை?

நான்குக்கும் இல்லை. குளவியும் தேனீயும் கோபத்தில் கொட்டும்போது மருந்து வேலை செய்கிற வரை காத்திருக்காது. கம்பளிப்பூச்சியின் முடி, பூச்சி செத்த பிறகும் அரிக்கும். காட்டெருமையைப் பார்த்தால் நின்று, பின்வாங்கி, வழிவிடுங்கள்.

உரக்கடையில சைபர்மெத்ரின் கிடைக்குது, பேரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தண்ணி கலந்து நனைச்சா செலவு மிச்சம்தானே?

தயவுசெய்து வேண்டாம். இரண்டும் பைரெத்ராய்டு என்ற ஒரே குடும்பம், ஆனால் அண்ணனும் தம்பியும் ஒரே குணமாக இருக்க வேண்டும் என்று விதியா? சைபர்மெத்ரின் தோலில் பட்டால் எரிச்சலும் குறுகுறுப்பும் பெர்மெத்ரினைவிடப் பல மடங்கு வரும். தவிர, பயிருக்கு அடிக்கிற பாட்டிலில் மருந்து மட்டும் இல்லை. அதைத் தண்ணீரில் கலக்க வைக்கிற கரைப்பான்களும் இருக்கின்றன. அது வயலில் இலைமேல் விழுவதற்காகச் செய்தது. வேர்வையோடு எட்டு மணி நேரம் உங்கள் தொடையில் ஒட்டியிருப்பதற்காக யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

நீங்கள் தேட வேண்டியது, துணிக்கு அடிப்பதற்கென்றே லேபிளில் எழுதிய 0.5 சதவீத பெர்மெத்ரின். அதாவது லிட்டருக்குச் சுமார் 5 கிராம். நம் பக்கத்துக் கடைகளில் இது எளிதில் அகப்படுவதில்லை. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்களிடம் சொல்லி வாங்கியதுதான். கிடைக்கவில்லை என்றால் சும்மா விடுங்கள். முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் சொருகிய பேண்ட், தோலுக்குக் கிரீம் என்று போனாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

கரப்பானுக்கு அடிக்கிற ஸ்ப்ரே வீட்டிலேயே இருக்கே?

உரக்கடை பதிலைத்தான் இதற்கும் சொல்வேன். அது மூலைமுடுக்குக்கும் சுவருக்கும் செய்தது, உடுத்துகிற துணிக்கு இல்லை. துணிமேல் எண்ணெய் மாதிரி படிந்து, நாற்றம் போகவே போகாது.

துணியில் நாலு புள்ளி வைக்கிற ரோல்-ஆன் இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அந்த வகையில் பெரும்பாலும் சிட்ரொனெல்லா, யூகலிப்டஸ் மாதிரி வாசனை எண்ணெய்கள்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் சட்டைக்குச் சரி. மலைக்காற்றில் வாசனை பறந்துவிடும், ஊர்ந்து ஏறுகிற உண்ணிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சரி, பாட்டில் கைக்கு வந்துவிட்டது. எப்படி அடிப்பது?

உடுத்திக்கொண்டு அடிக்காதீர்கள். இதுதான் முதல் விதி. துணியைக் கழற்றிக் கொடியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வராத பக்கம் நின்று அடிக்க வேண்டும். கையுறை போடுங்கள், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, துணி ஈரமாகிற வரைக்கும் மெதுவாக அடித்துக்கொண்டே போக வேண்டும். சொட்டுகிற அளவுக்கு வேண்டாம். முன்பக்கம் முடிந்ததும் பின்பக்கம். காலர், கைமுனை, பேண்ட்டின் கால்முனை, இடுப்புப் பட்டி இந்த நான்கிலும் ஒரு சுற்று கூடுதலாக. கைவேலையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அமெரிக்க ராணுவச் சீருடைக்குச் சதுர மீட்டருக்கு 1.25 கிராம் மருந்து என்பது கணக்கு.

பிறகு நிழலில் காய விடுங்கள். சேலத்து மொட்டை மாடியில் இரண்டு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் போதும். மேலே ஏற்காட்டில் தங்கி அடிப்பதாக இருந்தால் கணக்கே வேறு. ஐப்பசி மாதம் ஒருதடவை தங்கிய வீட்டுத் தாழ்வாரத்தில் பேண்ட்டைத் தொங்கவிட்டேன். மூடுபனி விலகவே இல்லை. மறுநாள் மதியம் தொட்டாலும் கால் மடிப்பு சில்லென்று ஈரமாக இருந்தது, அன்றைய நடைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். அதிலிருந்து கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் சேலத்திலேயே அடித்து முடித்துவிடுவது. ஈரமாக இருக்கிற வரை அது விஷம், காய்ந்த பிறகுதான் உடுப்பு. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில்.

எதெதுக்கெல்லாம் அடிக்கலாம்?

பேண்ட், முழுக்கைச் சட்டை, காலுறை, ஷூவின் வெளிப்பக்கம், தொப்பியின் விளிம்பு, முதுகுப் பை, டென்ட்டின் வெளித்துணி, கொசுவலை. மருந்து கொஞ்சம்தான் மிச்சம் என்றால் காலுறைக்கும் ஷூவுக்கும் அடியுங்கள். உண்ணியும் சிகரும் கீழிருந்துதான் ஏறுகின்றன.

உள்ளாடைக்கு வேண்டாம். முகம் துடைக்கிற துண்டு, மாஸ்க், தண்ணீர்ப் பை, சாப்பாட்டுப் பை, இவற்றுக்கும் வேண்டாம். பருத்தியிலும் பாலியஸ்டரிலும் நன்றாகப் பிடிக்கும். வழவழப்பான மழைக்கோட்டில் பிடிமானம் குறைவு, அடிப்பது வீண்.

எத்தனை துவையல் தாங்கும்?

கையால் அடித்ததற்கு ஆறு துவையல் அல்லது ஆறு வாரம், எது முதலில் வருகிறதோ அது. தொழிற்சாலையிலேயே மருந்து ஏற்றி விற்கிற உடைகளுக்கு 70 துவையல் வரை என்று லேபிளில் போட்டிருப்பார்கள். ஆனால் இதெல்லாம் மெஷினில் துவைக்கிறவர்கள் போட்ட கணக்கு. துவைகல்லில் நாலு அடி அடித்து, பிரஷ் போட்டுத் தேய்க்கிற நம் வீட்டுக்கு நான் நான்காவது துவையலிலேயே மறுபடி அடித்துவிடுகிறேன். மருந்தைக் கிளப்புவது தண்ணீரைவிடத் தேய்ப்புதான். பேண்ட்டின் இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் மார்க்கரால் கோடு போட்டு வைக்கிறேன், ஒரு துவையலுக்கு ஒரு கோடு.

பிளீச் வேண்டாம், டிரை கிளீனிங் வேண்டவே வேண்டாம், மொத்தமும் போய்விடும். தனியாகத் துவையுங்கள், கைக்குழந்தை துணியோடு சேர்க்காதீர்கள். வெயிலில் கிடக்க விடாமல் கறுப்புப் பையில் சுற்றி வைத்தால் வீரியம் நீடிக்கும்.

மழையில நனைஞ்சா போயிடுமா?

போகாது. பெர்மெத்ரின் தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு. நனைந்து, பிழிந்து, மறுபடி உடுத்தலாம். மழையை ஒரு துவையலாக நான் கணக்கில் எடுப்பதில்லை.

சொறிக்கு டாக்டர் எழுதித் தருகிற கிரீமும் பெர்மெத்ரின்தான், அதுவும் 5 சதவீதம். துணிக்கு 0.5 சதவீதம், ஆனால் தோலில் படக் கூடாதாம். இதில் என்ன நியாயம்?

எங்கள் கூட்டத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிற ஒருவர் கேட்டது. நல்ல கேள்வி. சிரங்குக் கிரீம் தோலுக்கென்றே தயாரித்து, சோதித்து, மருத்துவர் சொல்லிப் பூசுவது. ஒரு இரவு வைத்திருந்து காலையில் கழுவிவிடுகிறோம். தேவைப்பட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. துணி ஸ்ப்ரேயில் இருக்கிற மற்றப் பொருட்கள் அப்படிச் சோதிக்கப்பட்டவை அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. தோலில் அடித்துக்கொண்டால் காவலாகவும் நிற்காது. நம் தோலில் இருக்கிற நொதிகள் பெர்மெத்ரினைச் சீக்கிரமே உடைத்துவிடும், மீதி உரசலில் போய்விடும். அபாயமும் உண்டு, பலனும் இல்லை என்றால் எதற்கு? எதிர்த்திசையிலும் இதே கதைதான். அந்தக் கிரீமைத் துணியில் தடவினால் பிசுக்குதான் மிஞ்சும்.

நாள் முழுக்க உடம்பில் உரசுகிறதே, பின்னால் புற்றுநோய் அது இது என்று வராதா?

காய்ந்த துணியிலிருந்து தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகச் சொற்பம், போனதையும் உடம்பு உடைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009-ல் மருந்து ஏற்றிய உடைகளை மறு ஆய்வு செய்து, உடுத்துகிறவர்களுக்குக் கவலைப்படும் அளவு ஆபத்து இல்லை என்றது. வாய்வழியாக நிறையப் போனால் என்ன ஆகும் என்ற பரிசோதனைகள்தான் புற்றுநோய்ப் பேச்சுக்கு மூலம்.

அதற்காக நான் இதை வீட்டு உடையாக்கச் சொல்ல மாட்டேன். எனக்கு நடைக்கு ஒரு பேண்ட், ஒரு சட்டை, இரண்டு ஜோடி காலுறை. திரும்பி வந்ததும் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன். தினமும் எட்டு மணி நேரம் தோட்டத்தில் நிற்கிறவர்களின் கணக்கு வேறு, அவர்களுக்குத் தேவையும் அதிகம்.

அடிக்கும்போது தோலில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிலருக்கு எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு வரும், ஒரு நாளைக்குள் அடங்கிவிடும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கர்ப்பமாக இருக்கிறவர்கள்? குழந்தைகள்?

கர்ப்பிணிகளுக்குக் காய்ந்த துணியால் கெடுதல் என்று சான்று இல்லை. மலேரியா உள்ள நாடுகளில் இதே குடும்பத்து மருந்து ஏற்றிய வலைக்குள்தான் அவர்களைப் படுக்கச் சொல்கிறார்கள். ஆனால் அடிக்கிற வேலையை வேறு யாராவது செய்யட்டும், உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கிற வயதுப் பிள்ளைகளுக்குக் காலுறையும் பேண்ட்டும் போதும். கைக்குழந்தை கையில் கிடைத்த துணியை எல்லாம் வாயில் வைக்கும், அதன் துணிக்கும் அதைத் தூக்குகிற துணிக்கும் வேண்டாம்.

வீட்டில் பூனை இருக்கிறது. ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

உண்மை, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அடித்த பேண்ட்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனேன். காற்றில் அது தரையில் விழுந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்து போகிற ஒரு பூனை அந்த ஈரத் துணிமேல் சுருண்டு படுத்து, பிறகு உடம்பை நக்கியிருக்கிறது. சாயங்காலம் பார்த்தால் காது துடிக்கிறது, பின்னங்கால் நடுங்குகிறது, நிற்க முடியவில்லை. உடனே பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு ஓடினோம். இரண்டு நாள் ஆனது அது எழுந்து நடக்க. முழுக்க முழுக்க என் கவனக்குறைவு, லேபிளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பூனையின் கல்லீரலுக்கு இந்த மருந்தை உடைத்து வெளியேற்றுகிற திறன் குறைவு. நாய்க்கு அது உண்டு, நாயின் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரினே இருக்கிறது. அதனால்தான் நாய்க்கு வாங்கியதைப் பூனைக்குப் போடக் கூடாது. பூனை உள்ள வீட்டில் துணியைக் கிளிப் மாட்டிப் பூட்டிய இடத்தில் காய விடுங்கள். காய்ந்த பிறகும் பூனை படுக்கிற நாற்காலியில் போட வேண்டாம்.

தோட்டத்திலேயே, ஓடைக்கரையில் வைத்து அடித்துக்கொண்டால் என்ன?

கூடாது. மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் பெர்மெத்ரின் கடும் விஷம், சில துளி போதும். அடிப்பதும், கை கழுவுவதும், அந்தத் துணியை அலசுவதும் ஓடையில் வேண்டாம், கிளியூர் அருவிக்குப் போகிற தண்ணீராக இருந்தாலும் சரி, ஊருக்குள் ஏரியாக இருந்தாலும் சரி.

இன்னொன்று தேனீ. கோடை மழை ஒன்று விழுந்து பத்து நாளில் காப்பி பூக்கும், மலையே மல்லிகைத் தோட்டம் மாதிரி மணக்கும். அந்த நாட்களில் செடிக்குச் செடி தேனீ. அராபிகா தானாகவே காய் பிடிக்கிற வகைதான் என்றாலும் தேனீ வந்தால் காய்ப்பு கூடும், தேனும் மிளகும் நம்பிப் பிழைக்கிற வீடுகள் வேறு இருக்கின்றன. அங்கே நின்று புஸ்ஸென்று அடித்தால் தோட்டக்காரர் திட்டுவார், அது நியாயம்தான். வீட்டிலேயே அடித்துக் காய்ந்ததோடு வந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

மருந்துத் துணி மேல டீட் பூசினா ரெண்டும் சண்டை போடுமா?

சண்டை போடாது, சேர்ந்தால்தான் பலம். துணிக்கு இது, திறந்த தோலுக்கு டீட். சன்ஸ்கிரீன் பூசுவதாக இருந்தால் அது முதலில், டீட் அதற்கு மேல்.

ஒரே ஒரு எச்சரிக்கை: டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கையில் டீட்டோடு பைனாகுலரைப் பிடித்துக் கரிச்சான் குருவி பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கும்போது கட்டைவிரல் ஒட்டிக்கொண்டு வந்தது, ரப்பர் உறையில் என் ரேகை இன்னும் இருக்கிறது. வாட்ச் பட்டை, மூக்குக் கண்ணாடி, ரேயான் துணி, எல்லாம் கவனம். பெர்மெத்ரினுக்கு இந்தக் குணம் இல்லை.

அடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன், அப்பவும் கடிச்சிடுச்சே?

முதலில் எங்கே கடித்தது என்று பாருங்கள். கழுத்து, காது, மணிக்கட்டு என்றால் மருந்து மேல் தப்பில்லை, அங்கே துணியே இல்லை. இடுப்பில் என்றால் சட்டை வெளியே தொங்கியிருக்கும். காலில் என்றால் பேண்ட்டைக் காலுறைக்குள் சொருகியிருக்க மாட்டீர்கள், பார்க்க நன்றாக இல்லை என்று பாதிப் பேர் நாகலூர் தாண்டியதும் எடுத்துவிடுகிறார்கள். கடித்தது அட்டை என்றால் மேலே சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் சரியாக இருந்தால் இடுப்புப் பட்டியில் போட்ட துவையல் கோடுகளை எண்ணுங்கள். தவிர, பைரெத்ராய்டு மருந்துகளுக்குப் பழகிப்போன கொசுக்கள் உலகில் பல இடங்களில் உண்டு. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு அதில் முக்கியமானது. துணி வழியாகக் கொசு குத்துகிறது என்றால் மருந்தைக் கூட்டாதீர்கள், துணியைத் தளர்வாக, தடிப்பாக மாற்றுங்கள்.

திரும்பி வந்து பார்த்தால் உண்ணி ஒட்டியிருக்கிறது. கூடவே பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் வந்தால்?

உண்ணியை எடுக்க மண்ணெண்ணெய், தீக்குச்சி வேண்டாம். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி, அதன் தலைப் பக்கம் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, முழங்காலின் பின்பக்கம், காதின் பின்பக்கம் எல்லாம் பார்த்துவிட வேண்டும். முதுகுக்கு வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

சிகர் கடித்தது தெரியவே தெரியாது. ஸ்க்ரப் டைபஸ் பெரும்பாலும் கடித்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலாக, தலைவலியாக, உடம்பு வலியாக வரும். சிலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் கவனிக்க மாட்டோம். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலிருந்து குளிர்காலம் முடிகிற வரை இது அதிகம். மருத்துவரிடம் போனதும் முதல் வாக்கியமாக, 'ஏற்காட்டில் புதரில் நடந்தேன், இன்ன தேதி' என்று சொல்லுங்கள். டெங்கு, டைபாய்டு என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு வரி போதும். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்கிளின் என்ற சாதாரண மாத்திரைக்கே கட்டுப்படும், விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்காதீர்கள்.

லேடீஸ் சீட், பக்கோடா பாயின்ட், ஏரி, அவ்வளவுதான் எங்க பிளான். எங்களுக்கும் வேணுமா?

வேண்டாம். தார்ரோட்டிலும் பார்க்கிலும் நடக்க மருந்து ஏற்றிய பேண்ட் எதற்கு? கொசு கிரீம் ஒன்று பையில் இருக்கட்டும். காப்பித் தோட்டத்துக்குள் போட்டோ எடுக்க இறங்கினால் மட்டும், காரில் ஏறுமுன் காலை ஒருதரம் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலில் மிச்சம் இருக்கிறது. என்ன செய்வது?

அதே பாட்டிலில், லேபிளோடு, பூட்டிய அலமாரியில். கூல்டிரிங்க் பாட்டிலுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். சேலத்து வெயிலில் காருக்குள்ளும் விட்டு வைக்க வேண்டாம். காலாவதி ஆகாமல் இருந்தால் அடுத்த ஐப்பசிக்கு உதவும். கொஞ்சம்தான் மிச்சம் என்றால் காலுறைக்கு இன்னொரு கை அடித்துத் தீர்த்துவிடுங்கள், சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.